மாமா காட்டிய மூன்று போர்ஷன் வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் படுக்கையறையின் ஃபால்ஸ் சீலிங் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாரும் இல்லை. அவள் ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள், கணவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். பலகைகளோடு ஒரு வாளி கறுப்புத் தண்ணீரும் கொட்டியது. மெத்தை, தலையணை, அப்போதுதான் மடித்து வைத்த துணி, எல்லாம் நாறிப்போயின.

"மேல என்னத்த பண்ணித் தொலைக்கிறாங்க?" என்று கத்திக்கொண்டே அவள் படியேறினாள். கணவன் கத்தியும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தான். பாதிப் படியில் தன் கையைப் பார்த்துவிட்டு, கத்தியை வைக்கத் திரும்ப இறங்கினான்.

வீடு வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கீழே ஒரு போர்ஷன், மேலே இரண்டு. கீழே இவர்கள் குடியிருப்பது, மேலிருந்து வரும் இரண்டு வாடகையில் வங்கித் தவணையைக் கட்டுவது என்பது ஏற்பாடு. இந்த வழியைக் காட்டியதே அவளுடைய தாய்மாமாதான். அவர் வீட்டுத் தரகர். "வாடகை கொடுத்துக் கொடுத்து அடுத்தவன் கடனை எதுக்கு அடைக்கிறே? உன் கடனை அடுத்தவன் அடைக்கட்டும்" என்று ஒரு வருடம் விடாமல் சொல்லி, கடைசியில் இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். கம்பிக் கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிடுவாள். பதினாறு மாடி ஏறவேண்டியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் அசைந்துகொடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் தன் வீட்டை வாங்கும்போது மட்டும் ஒரு சுவரைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. மாமா பார்த்த வீடு, இதில் தட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

மேலே தையல்காரம்மா கதவைத் திறந்தாள். ஒன்பது வருடமாக அங்கே குடியிருப்பவள். கழுத்தில் அளவு நாடா, விரலிடுக்கில் ஊசி. வீட்டுக்காரி வாயைத் திறப்பதற்கு முன் அவளே ஆரம்பித்தாள்.

"வாங்க வீட்டுக்காரம்மா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"குழாயத் திறந்து விட்டுட்டு என்னக்கா பண்றீங்க? எங்க கட்டில் மேலயே கொட்டுது!"

"வாய அளந்து பேசுங்க. நான் இந்த பாத்ரூம்ல குளிச்சு ஒரு வருஷம் ஆகுது. வந்து பாருங்க முதல்ல."

அவள் போய்ப் பார்த்தாள். குளியலறைத் தரை நடுவில் குழிந்திருந்தது. ஓடுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடம் துருவும் பாசியுமாக ஊறி, அங்கிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா மூலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு, அதில் உட்கார்ந்து குவளையால் மொண்டு உடம்பைத் துடைத்துக்கொள்கிறாளாம். தலைக்குக் குளிக்க வாரம் ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போகிறாளாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

தையல்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்லலையா? உங்க மாமாகிட்ட நாலு தடவ சொன்னேன். அவரு அனுப்பின பதில் இந்தா இருக்கு, படிங்க."

போனை நீட்டினாள். மாமா எழுதியிருந்தார்: 'புது ஓனருக்கு எல்லாம் தெரியும். ரொம்பக் கறாரான பொண்ணு. புகார்னு போனீங்கன்னா காலி பண்ணச் சொல்லிடும். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.'

அவள் இரண்டு தடவை படித்தாள். காது மடல் சுட்டது. ஏழு மாதமாகப் படியில் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது ஏன் என்று இப்போது விளங்கியது. திமிர் பிடித்தவள் என்று கணவனிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"உங்க ரூமுக்குப் பலகை அடிச்சப்ப அவருதானே கூட நின்னாரு? அதோ அந்தப் படியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே வேலை வாங்கினாரு. நீங்க வீடு பார்க்க வர்றதுக்கு முந்தின வாரம்."

அவள் கீழே வந்து ஏணியைப் போட்டு ஏறி, மிச்சமிருந்த பலகைகளையும் பிடுங்கி எறிந்தாள். மேலே காங்கிரீட் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளிருந்த கம்பிகள் துருவேறி ஊதிப் பிளந்திருந்தன. இதன் கீழேதான் ஏழு மாதமாகப் படுத்திருந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் அண்ணாந்து பார்த்துவிட்டு அவளைக் கீழே இறங்கச் சொன்னான்.

மாமாவுக்குப் போன் போட்டாள். "கஸ்டமரோட இருக்கேன்மா, இன்னொரு மூணு போர்ஷன் வீடு, பெரிய தெரு முனையில" என்றார். அவள் மறுவார்த்தை பேசாமல், வேலைக்கு எடுத்துப்போகும் வேனில் ஏணியை ஏற்றினாள்.

அங்கே ஓர் இளம் தம்பதி மாமாவின் பின்னால் அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. படுக்கையறையில் இங்கேயும் வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே நுழைந்தாள்.

"என்னடி இது, ஏணியும் அதுவுமா?"

"மேல என்னத்த மறைச்சு வச்சிருக்கீங்கன்னு இவங்களும் பார்க்கட்டும் மாமா." அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "என் கட்டில் மேல இன்னிக்கு இதுதாம்மா விழுந்தது. நீயாவது பார்த்துட்டு வாங்கு."

மாமா தடுக்கும் முன்பே ஏறி, ஒரு பலகையை நெம்பி எடுத்து டார்ச் அடித்தாள்.

காங்கிரீட் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இளைஞன் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினான். "நேத்தே எங்க இன்ஜினியர் வந்து எல்லாத்தையும் செக் பண்ணிட்டாரு அக்கா. ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னாரு."

அவள் ஏணியிலேயே நின்றாள். தப்பு செய்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே விஷயம் புரிந்தது. இப்போது வந்த கோபம் முதலில் வந்த கோபத்தைப்போல இல்லை. இறங்கி மாமாவை வாசலுக்கு வரச் சொன்னாள்.

"வெளியாளுக்கு நல்ல வீடு. எனக்கு அந்த வீடு. அப்படித்தானே?"

"அப்படி இல்லம்மா. ரெண்டு வருஷமா அது விலை போகல. பார்க்க வந்தவன் எல்லாம் இன்ஜினியரக் கூட்டிட்டு வந்தான்..."

"நான் கூட்டிட்டு வரமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

மாமா செருப்பைப் பார்த்தார். "நீ கைவேலை தெரிஞ்சவ. மெதுவா நீயே சரி பண்ணிக்குவேன்னு நெனச்சேன்."

"என் பேரைச் சொல்லி அந்தம்மாவ மிரட்டினீங்களே, அதையும் நானே சரி பண்ணிக்கணுமா?"

மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள கஸ்டமர் இருக்காங்க, குடும்ப விஷயத்த அப்புறம் பேசலாம்" என்றார். பிடுங்கிய பலகையை அவள் திரும்ப ஏறிப் பொருத்தினாள். அந்தத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் போன். "நாலு பேர் முன்னாடி மாமாவ அசிங்கப்படுத்தினியாமே?"

"அம்மா, அந்தக் கூரை எங்க தலையில விழுந்திருந்தா நீயும் மாமாவும் சேர்ந்துதான் அழுதிருப்பீங்க. இப்ப நான் கத்துறதக் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் கட்டட இன்ஜினியர் வந்தார். குளியலறையையும் அதைத் தாங்கும் காங்கிரீட் தளத்தையும் மொத்தமாக உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், மூன்று மாதம் ஆகும், அதுவரை மேலே அந்தப் போர்ஷனில் யாரும் இருக்கக் கூடாது என்றார். இருந்த இரண்டு வாடகையில் ஒன்று நின்றது. கணவன் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரன். காலை வேலையோடு மாலை வேலையையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கே பெயர் கொடுத்தான்.

அவள் மறுபடி படியேறினாள். "கீழ எங்க முன்னறையில இருந்துக்கோங்க அக்கா. நாங்க சமையலறையில படுத்துக்கறோம். தையல் மெஷினும் அங்கேயே போட்டுக்கலாம். வாடகை வேண்டாம். வேலை முடிஞ்சதும் இதே போர்ஷன், இதே வாடகை."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். நன்றி சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. "வாய்ச்சொல் எல்லாம் வேண்டாம். இந்த வீட்டு விஷயத்துல நான் நிறையக் கேட்டுட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? உட்கார்ந்து எழுதினாள். தையல்காரம்மா வரிவரியாகப் படித்து, ஓர் இடத்தில் தேதியைச் சேர்க்கச் சொல்லி, வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

உடைக்கும் வேலை தொடங்கிய மூன்றாம் நாள் மாமா வந்தார். கூடவே கொத்தனார்கள் இரண்டு பேர், வண்டியில் பத்து மூட்டை சிமென்ட். "கூலி என்னோடது. வேலை முடியுறவரைக்கும் நானே கூட நின்னு பார்த்துக்கறேன்" என்றார்.

அவள் படியிலிருந்து இறங்கிப் போய் மூட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றின் வாயைப் பிரித்து உள்ளே கைவிட்டு, கட்டி இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கொத்தனார்களுக்கு வழி விட்டாள்.

"இவங்க வரட்டும். சிமென்டும் இறங்கட்டும். நீங்க நிக்க வேண்டாம் மாமா, கிளம்புங்க."

மேலே சம்மட்டி அடி மறுபடி தொடங்கியது. மாமா ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவும் இல்லை.