நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்

வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் நாட்டோடு மாப்பிள்ளை. என் மனைவி இந்த நாட்டுக் குடிமகள். நான் வேலை ஒப்பந்தத்தில் டைல்ஸ் பதிக்க வந்தவன். ஒப்பந்தம் சீக்கிரம் முடியப்போகிறது. இனிமேல் இங்கே இருப்பதென்றால் அவள் புருஷன் என்ற தகுதியில்தான் இருக்க முடியும். அந்தத் தகுதி எனக்கு மெய்யாகவே இருக்கிறதா, அல்லது விசா முத்திரைக்காகக் கட்டிய தாலியா என்று குடியேற்ற அலுவலகத்தில் ஓர் அதிகாரி விசாரித்து முடிவு செய்வார். இல்லை என்று அவர் எழுதிவிட்டால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும்.

இதைச் சொன்னதும் மச்சான் களத்தில் குதித்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இந்த நேர்காணலுக்குப் போய்வந்த நாலைந்து ஜோடிகள் அவர் கடையில் நகல் எடுத்திருக்கிறார்கள். அது போதும், மனிதர் நிபுணராகிவிட்டார். என்னென்ன கேட்பார்கள் என்று நூற்றுப் பன்னிரண்டு கேள்வி தயார் செய்து, பதிலையும் தானே எழுதி, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மாப்ள, இதுல இருக்கறத விட்டு நூல் பிசகக்கூடாது. உங்களைத் தனியா கேப்பாங்க, அவளைத் தனியா கேப்பாங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அவ்ளோதான் விஷயம்."

"நெஜம் வேற மாதிரி இருந்தா, மச்சான்?"

"நெஜத்த மாத்திக்கோங்க."

மாற்றிக்கொண்டேன். பல் விளக்கும் பிரஷ் எனக்குப் பச்சை, அவளுக்கு ஊதா என்று புத்தகத்தில் இருந்தது. இருவரும் போய் வாங்கிவந்தோம். கட்டிலில் நான் ஜன்னல் பக்கம், அவள் கதவுப் பக்கம். சண்டை போடுவோமா? போட மாட்டோம். வேலை முடிந்து வந்து குளித்து, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, எட்டாம் வகுப்புப் பையன் போல உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன்.

என் மனைவிக்கு இந்தப் புத்தகமே பிடிக்கவில்லை. அவள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பொய் என்ற சாமானே அவளிடம் கிடையாது. ஒருமுறை சொந்த அண்ணனே டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டு, "சில்லறை இல்லம்மா" என்று பல்லைக் காட்டியபோது அபராதச் சீட்டு கிழித்துக் கையில் கொடுத்தவள். நான் அவளைச் சந்தித்ததும் இப்படித்தான். அவள் குளியலறைக்கு டைல்ஸ் போடப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் வந்து பார்த்தவள், மூன்றாவது வரிசையில் ஒரு கல்லைத் தொட்டு, "இது சாஞ்சிருக்கு" என்றாள். இல்லை என்று சாதித்தேன். ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், குமிழி ஒரு மயிரிழை தள்ளி நின்றது. பெயர்த்துத் திரும்பப் பதித்தேன். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு நாற்பத்தொன்று. ஆறு மாதத்தில் கல்யாணம். உடனே அவள் சித்திமார்கள், "அவன் உன்னையா கட்டினான், உன் பாஸ்போர்ட்டைக் கட்டினான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்காணலுக்கு நாலு நாள் முன்பு அவள் கேள்வி கேட்க, நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாவது கேள்வி: உங்கள் மனைவியை ஏன் திருமணம் செய்துகொண்டீர்கள்?

"நல்ல குணம், பொறுப்பு, குடும்பப் பாங்கு" என்றேன்.

"இது எங்கண்ணன் எழுதினது. நீங்க என்ன சொல்வீங்க?"

எனக்கு இன்னும் எழுபத்தொரு கேள்வி பாக்கி இருந்தது. தூக்கம் வேறு. "அதான் எழுதியிருக்குல்ல, அதையே சொல்லிட்டுப் போறேன். அதுக்கு மேல என்ன வேணும்?" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "ஆக, சித்தி சொன்னது சரிதான்" என்றாள். அத்தோடு பேச்சு நின்றது. எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெயிலில் முட்டி போட்டு முட்டி போட்டு வேலை செய்துவிட்டு வந்து மனப்பாடம் செய்கிறேனே, யாருக்காக? தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து சோபாவில் படுத்தேன். கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நாலு நாள் இப்படியே போயிற்று. டீ மட்டும் மேஜையில் வந்து உட்காரும், ஆள் வராது.

நேர்காணல் நாளன்று ஒரே பஸ்ஸில், முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனோம். காத்திருப்புக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சுற்றிலும் ஜோடி ஜோடியாகக் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மட்டும் பல் டாக்டரிடம் வந்த இரண்டு பேரைப் போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்டால்? புத்தகப்படி ஜன்னல் பக்கம். நிஜப்படி சோபா. எதைச் சொல்வது? ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது, அவள் ஒரு முழத் தூரத்தில்தான் இருக்கிறாள். ஆனால் யார் முதலில் பேசுவது? அவள்தானே பேச்சை நிறுத்தியது. நான் தொண்டையைக் கனைத்தேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை கனைத்தேன். எதிரில் இருந்த அம்மாள் இருமல் மிட்டாய் நீட்டினார். அதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டு, முதலில் அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அவளை வேறு வழியாக வேறு அறைக்கு அனுப்பியிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

உள்ளே மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். பக்கத்தில் ஜலதோஷம் பிடித்த ஒரு பெரியவர். "நான் இன்று உங்களை விசாரிக்கப் போகும் அதிகாரி" என்றார் பெரியவர். நான் எழுந்து அவருக்கு வணக்கம் போட்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கைகாட்டினார். அதிகாரி அந்தப் பெண்தானாம், பெரியவர் வெறும் மொழிபெயர்ப்பாளராம். யார் எதைச் சொன்னாலும், அவரே சொல்வதுபோல 'நான்' என்று போட்டுத்தான் சொல்வாராம், விதி அப்படியாம். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. சத்தியப் பிரமாணமும் அவர் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். சத்தியம் செய்தது நானா அவரா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பிரஷ் பச்சை என்றேன். வீட்டில் ஜன்னல் ஐந்து என்றேன். மச்சான் வாழ்க, எல்லாம் வரிசையாக வந்தது.

"நேற்று இரவு நீங்கள் எங்கே தூங்கினீர்கள்?"

வந்துவிட்டது. யோசித்தேன். புத்தகம் சொல்வதை நான் சொல்லலாம். ஆனால் அவள்? அண்ணனுக்கே அபராதம் போட்டவள், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வாளா? செத்தாலும் சொல்ல மாட்டாள். அதுவும் என்மேல் இத்தனை கோபத்தில். அவள் நிஜத்தைத்தான் சொல்லியிருப்பாள். அப்படியென்றால் நானும் நிஜத்தைச் சொன்னால்தான் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

"ஹால்ல, சோபாலங்க" என்றேன். "நாலு நாளா அங்கதான். சின்னச் சண்டை."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். பெரியவர் அவர் சொன்னதைக் கேட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "உங்கள் மனைவி அப்படிச் சொல்லவில்லை. கட்டிலில், ஜன்னல் பக்கம் என்றார். சண்டையே போட்டதில்லை என்றார்."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என் மனைவியா?" என்று கேட்டேன். "டிக்கெட் செக்கரா? வேற யாரையாவது மாத்திக் கேட்டுட்டீங்களா?"

மாற்றிக் கேட்கவில்லை. அவளேதான். நான் புத்தகத்தை விட்டு நூல் பிசக மாட்டேன் என்று நினைத்து, எனக்காக, ஒரு முழு அரசாங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறாள். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது.

"இருவரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள்" என்றார் பெரியவர். "சத்தியம் செய்தபின் குடிமக்கள் பொய் சொன்னால் வழக்குத் தொடரலாம். உங்கள் மனைவி அரசுப் பணியில் இருக்கிறார் அல்லவா?"

"நான்தாங்க பொய் சொன்னேன்!" என்று எழுந்தே விட்டேன். "கட்டில்லதான் படுத்தேன். ஜன்னல் பக்கம். சோபா சும்மா சொன்னது."

"உங்களுக்கே கெடுதல் வருகிற மாதிரி ஏன் பொய் சொல்ல வேண்டும்?"

"கொழப்பத்துலங்க."

பெரியவர் இதற்கு என்ன சொல்லி மொழிபெயர்த்தாரோ, அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவளை அழைத்துவரச் சொன்னார்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் பதில்கள் பொருந்தவில்லை என்று மட்டும்தான் அதிகாரி சொல்லியிருப்பார். உடனே அவள் இந்த நாட்டு மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள். பெரியவர் எனக்குச் சொன்னார்: "நான் முன்பு சொன்னது தவறு. அவர் நாலு நாளாக ஹாலில்தான் தூங்குகிறார். சண்டை போட்டோம். தவறு என்னுடையது, அவர் சொல்வதுதான் சரி."

"இல்ல, கட்டில்தான்!" என்றேன்.

"சோபாதான்!" அவள் தமிழுக்கு வந்துவிட்டாள். "நெஜத்தச் சொல்லித் தொலைங்க."

"கேஸ் போடுவாங்களாம். உன் வேலை போயிடும். ஏன் மாத்திச் சொன்ன?"

"நீங்க எங்க அந்தப் பொஸ்தகத்த விட்டு வெளிய வரப்போறீங்கன்னு சொன்னேன். நீங்க ஏன் நெஜத்தச் சொன்னீங்க?"

"நீ எங்க பொய் சொல்லப்போறன்னு சொன்னேன்!"

விதிப்படி இதை எல்லாம் பெரியவர் ஒருவரே இரண்டு பேராகவும் இருந்து அதிகாரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்குத் தானே சண்டை போடுவதுபோல் இருந்தது. நடுவில் இரண்டு தும்மல். அதிகாரி, எந்தப் பதில் யாருடையது என்று அம்புக்குறி போட்டு எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். கடைசியில் அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்றார் பெரியவர் என்னைப் பார்த்து. "அனுமதி மறுக்கப்பட்டால் என்ன செய்வீர்கள்?"

இது புத்தகத்தில் இல்லை. மறுக்கப்பட்டால் என்ற பேச்சையே மச்சான் எடுக்கவிடவில்லை. "ஊருக்குப் போயிடுவேங்க" என்றேன்.

"உங்கள் மனைவி?"

"அவ இங்கதான் இருப்பா. அவளுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. போன்ல பேசிக்குவோம். நான் மறுபடி எழுதிப் போட்டுப் பாப்பேன்."

இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த நாட்டின் ரோடு மாதிரி, பஸ் மாதிரி, அவள் இங்கேயே இருப்பவள். போவதும் வருவதும் என் பாடு. மூன்று வருடமாக என் மனதில் இருந்த கணக்கு அதுதான்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பி அதையே கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த மொழியில், நிதானமாக, கொஞ்ச நேரம் பேசினாள். பெரியவர் தாளில் குறித்துக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். அதுவரை ரேடியோ செய்தி போலப் பேசிக்கொண்டிருந்தவர், என்னவோ, இப்போது வீட்டுத் தமிழில் சொன்னார்.

"வேலைய விடறதுன்னா ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுக்கணும். அந்த லெட்டர நான் போன மாசமே எழுதி வெச்சிட்டேன். தேதி மட்டும் போடல. இவர அனுப்பினீங்கன்னா அன்னிக்கே தேதி போட்டுக் குடுத்துட்டு நானும் இவர்கூடப் போயிடுவேன். இவர் ஊர்லயும் பஸ் ஓடும். அங்கயும் டிக்கெட் எடுக்காதவங்க இருப்பாங்க."

போன மாதமே என்றால் சண்டைக்கு முன்பே. புத்தகம் வருவதற்கும் முன்பே. நான் பிரஷ் நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, இவள் வீட்டையும் வேலையையும் மனதுக்குள் கட்டி வைத்துவிட்டு எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இவளை ஏன் கட்டினேன் என்று ஒரு வரி சொல்லத் துப்பில்லாதவன். ஜலதோஷம் பிடித்த ஒரு கிழவர் "நானும் இவர்கூடப் போயிடுவேன்" என்கிறார், எனக்கோ கண்ணில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. துடைக்கவும் தோன்றவில்லை.

அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஏதோ கேட்டார்.

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றார் பெரியவர்.

"தெரியாதுங்க" என்றேன். "சத்தியமா தெரியாது."

அன்று நான் சொன்ன பதில்களில், அதிகாரி மறுகேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டது அது ஒன்றைத்தான்.