தலைமையாசிரியைக்குக் கேட்கக் கூடாது

விபெகே ராவ்ன் கோபன்ஹேகனில் பாலே நடனம் ஆடியே பாதி வயதைக் கழித்தவள். முழங்கால் இனி முடியாது என்றதும் மேடையை விட்டு இறங்கி, தங்கை குடியிருந்த மேற்குக் கடற்கரை மீன்பிடி ஊருக்கு வந்து சேர்ந்தாள். சும்மா உட்காரப் பிடிக்காமல், பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் நடனம் சொல்லித் தருகிறேன் என்று அவளாகவே போய்க் கேட்டாள்.

தலைமையாசிரியை இங்கெலீசெ டொஃப்ட் யோசித்து யோசித்துத்தான் தலையாட்டினார். உடற்பயிற்சிக் கூடம் மாடியில் இருந்தது. நேர் கீழே அவருடைய அறை.

கொஞ்ச நாளிலேயே வினை வந்தது. நான்காம் வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் துள்ளித் தொப்பென்று இறங்க, கீழே சுண்ணாம்பு பெயர்ந்து இங்கெலீசெயின் காபியில் விழுந்தது. கோப்பையும் கையுமாக அவர் மாடியேறி வந்தார்.

"விபெகே, இது பாலேயா, கப்பல் கட்டுற இடமா? இன்னொரு தடவை என் தலைக்கு மேல இடி விழுந்துச்சு, வகுப்பு அத்தோட சரி!"

அவர் போனதும் விபெகேவுக்கு முகம் தொங்கிப்போனது. "சரி பிள்ளைங்களா, இனிமே குதிக்க வேணாம். கையசைவு மட்டும் கத்துக்கலாம்."

"கையை மட்டும் ஆட்டினா அது டான்ஸா? டிராபிக் போலீஸ் மாதிரில்ல இருக்கும்!" என்றாள் டில்டெ. வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

பின்வரிசையில் நின்ற அஸ்கர் என்ற பருத்த பையன் மூக்கைச் சொறிந்தான். "எங்க வீட்டுப் பூனை அலமாரி மேலருந்து குதிக்குது. சத்தமே வரல. அது எப்படி?"

விபெகேவுக்குச் சுரீரென்றது. மேலே எழும்ப மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கீழே இறங்கச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோமே! செருப்பைக் கழற்றி எறிந்தாள். குதிக்க முடியாத காலால் நுனிவிரலில் எழும்பி நின்று, மெல்லக் கீழே வந்து காட்டினாள்.

"முதல்ல விரல், அப்புறம் பாதம், கடைசியாத்தான் குதிகால். முட்டி மடங்கணும். தரையை இடிக்காதீங்க, அதைத் தடவிக் குடுங்க."

அதன்பின் நடனம் பிள்ளைகளுக்குத் திருட்டு விளையாட்டைப் போல ருசித்தது.

"அஸ்கர், நீ இறங்கினா துறைமுகத்துல படகெல்லாம் ஆடுதுடா!" என்பாள் டில்டெ.

"போடி, உன் சாக்ஸ் கூடத்தான் சத்தம் போடுது!"

"உஷ்ஷ்!" என்று மற்றவர்கள் இருவரையும் அடக்குவார்கள். வாராவாரம் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

ஒரு மழைநாள். வகுப்பு நடுவில் கதவு படாரென்று திறந்தது. இங்கெலீசெ மூச்சிரைக்க நின்றார்.

"எங்க போச்சு எல்லாம்? ஒரு சத்தத்தையும் காணோமே! மழையில கடற்கரைக்கு ஓடிட்டீங்களோன்னு..."

அவர் கண்ணெதிரே வகுப்பு முழுக்க அந்தரத்தில் இருந்தது. மறுகணம் எல்லாரும் தரையில். சன்னலில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை," என்றார்.

குதித்தார்கள். பனி விழுந்ததுபோல் இறங்கினார்கள். இங்கெலீசெ குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். "பஞ்சு கிஞ்சு விரிச்சிருக்கீங்களா?"

"நீங்களே குதிச்சுப் பாருங்க, இங்கெலீசெ!" என்றாள் டில்டெ. அந்த ஊரில் ஆசிரியர்களையும் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் எல்லாரையும் ஒருமுறை முறைத்தார். பிறகு ஷூவைக் கழற்றினார், பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார், குதித்தார். கட்டடமே அதிர்ந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். விபெகே சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்; கண்ணில் நீர் வழிந்தது. இங்கெலீசெயும் தன்னை மறந்து சிரித்தார்.

அடுத்த வாரம் நடனத்துக்கு இன்னொரு நாளும் சேர்ந்தது. தடித்த கம்பளிச் சாக்ஸோடு இங்கெலீசெ வந்து பின்வரிசையில் அஸ்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"முட்டியை மடிங்க, இங்கெலீசெ," என்றான் அவன், மிகவும் கண்டிப்பாக.

"மடிக்கிறேன்டா, மடிக்கிறேன்," என்றார் அவர்.