ஸ்க்ரூவின் மேல் ஒரு துளி சிவப்பு

பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தகரக் கூண்டுக்குள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்குகள் கூடுவதும் குறைவதுமாக எரிந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் ஊஞ்சலாடியது.

"புது யூபிஎஸ் மாட்டினதிலேர்ந்து இப்படித்தாண்ணே," என்றாள் பல் டாக்டர். "ஒரு சின்னப் பொண்ணு பாதி வேலையில வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா. கரண்ட் எப்ப வரும்னு தெரியல. சீக்கிரம் பாருங்க."

அவள் சொன்னவுடனே எனக்கு வியாதி புரிந்துவிட்டது. வோல்டேஜை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் பிடித்து வைக்கும் ஏவிஆர் போர்டு, புது யூபிஎஸ்ஸோடு ஒத்துப்போகவில்லை. அதற்கென்றே போர்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது.

ஆனாலும் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். இன்ஜின் வேகம் சரியாக இருந்தது. உள்ளே சொல்லிவிட்டு இன்ஜினை நிறுத்தி, ஒயர்களை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் குரங்குப்பிடி. டயோடுகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எலியாவது எதையாவது கடித்து வைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

அந்த ஸ்க்ரூவின் மேல் ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு இருந்தது. அதிர்வில் ஸ்க்ரூ தானாகத் திரும்பிவிடாமல் இருக்க, கடைசியில் பெயிண்ட் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். இந்த போர்டை மாட்டிய அன்று பெயிண்டை மறந்துவிட்டேன். துணிக்கடைக்குப் போகிற வழி என்பதால் என் மனைவியும் கூட வந்திருந்தாள். கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்தாள். "நீங்க வச்சா கோணிக்கிட்டுப் போகும், தள்ளுங்க," என்று அவளே வைத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு, சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் தேவையே இல்லாமல் இந்த போர்டின் மூடியைக் கழற்றுவேன். அவள் புடவைகளை என் தங்கை கொண்டுபோய்விட்டாள். போட்டோவில் யாரோ மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கை பட்டது பட்டபடியே இருப்பது இது ஒன்றுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள்.

"போர்டையே மாத்திடலாம் டாக்டர்," என்றேன். பழையதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம்.

"தாராளமா மாத்துங்க. இப்பவே கிடைக்குமா?"

"நாளைக்குத்தான்."

"அய்யோ, அதுவரைக்கும் அந்தப் பொண்ணு?"

ஜன்னல் வழியே பார்த்தேன். நாற்காலியில் இருந்த சிறுமியின் கையை அவள் அம்மா இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இருங்க டாக்டர், இன்னொரு தடவை பாத்துடறேன்."

இன்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் சிவப்பைச் சுரண்டினேன். பெயர்ந்து வந்தது. விரலால் எடுப்பதற்குள் ஜெனரேட்டர் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. முட்டி போட்டுத் தேடினேன். தரையில் கிரீஸும் தூசியும்தான் இருந்தன.

எழுந்து ஸ்க்ரூவைத் திருப்பினேன். மீட்டரில் எண் அசையாமல் நின்றது. உள்ளே விளக்குகளும் நிதானமாயின.

"ஒரு ஸ்க்ரூவைத் திருப்பவாண்ணே இவ்ளோ நேரம்?" என்று சிரித்தாள் டாக்டர்.

"வயசாயிடுச்சு டாக்டர்."

அவள் உள்ளே ஓடிவிட்டாள். நான் பையிலிருந்து வெள்ளைப் பெயிண்டை எடுத்து ஸ்க்ரூவின் மேல் தொட்டு வைத்தேன். கோணிக்கொண்டுதான் போனது. தள்ளுங்க என்று சொல்ல ஆளில்லை.