ஒட்டாத உறை

காலை ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு அலுவலகம் போகிறேன். ஜெர்மனியோடு போர் தொடங்கியதிலிருந்து, தமிழ்க் கடிதங்களைப் பிரித்துப் படித்து ஆங்கிலேய அரசுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை.

சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. கிள்ளானிலிருந்து என் மனைவி நல்லம்மாளின் தம்பி அய்யாவு கடல் கடந்து எங்கள் ஊருக்கு எழுதியது. “இது வெள்ளைக்காரன் சண்டை. நம்ம ஆளுங்க யாரும் பட்டாளத்துல சேர வேணாம்.”

மறைத்தால் என் வேலை போகும். மொழிபெயர்த்தேன். விசாரணை இல்லாமல் அவனை நாடு கடத்தினார்கள்.

யார் காட்டிக்கொடுத்தது என்று நல்லம்மாள் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியுமா என்று நானும் கேட்கவில்லை.

பிறகு காய்ச்சலில் படுத்தாள். இறந்த அன்று காலை, தன் தாய்க்கு எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“உறையை ஒட்டலைங்க. படிச்சிட்டு நீங்களே ஒட்டிடுங்க.”