பூட்டு தெரிகிற படம்

பெரியவள் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பாள். பூட்டு எங்கே, சாவி யாரிடம். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

கண்காட்சிக் கூடத்திலும் அதையே பார்த்தாள். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு. அதை ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். வளையத்தில் ஒரு பித்தளைப் பூட்டு வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. சாவி அதிலேயே இருந்தது.

அந்தப் பூட்டின் ஜாதி அவளுக்குத் தெரியும். அதன் கூடப்பிறந்தது ஒன்று தினமும் இரவு அவளைப் பூட்டி வைக்கிறது. இந்தக் கூடமும் அதே முதலாளியுடையது. பழைய மாவுக் கிடங்கு. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, சின்னவளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்.

சின்னவள் அவளுடைய தங்கை. ஊர் படுத்த பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள். சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள், பிணவறைக் காவலாளி, மீன் லாரிக்கு ஐஸ் உடைப்பவர்கள், பஸ் கழுவும் பெண்கள் என்று விடிந்தால் கண்ணில் படாதவர்களை எல்லாம் எடுப்பாள். ஃப்ளாஷ் மட்டும் போடவே மாட்டாள். தூங்குகிறவனை அறைந்து எழுப்புகிற மாதிரி அது என்பாள். அதற்கு நீளமாக ஒரு விளக்கமும் வைத்திருந்தாள். பெரியவளுக்கு அதில் பாதி புரியும். மீதி கொட்டாவியாகப் போய்விடும்.

பெரியவளுடன் 'ரேடியோ'வும் வந்திருந்தாள். அடுப்புப் பக்கம் வேலை பார்ப்பவள். வாய் ஓயாததால் வந்த பெயர்.

"அக்கா, உன் மூஞ்சியப் பாரேன். எங்க வீட்டுச் சுவரு இவ்வளவு பெரிசு இல்ல. மூக்கு ஓட்டைக்குள்ள குடும்பமே குடி போகலாம்."

பெரியவள் சிரிக்கவில்லை. கூடத்தின் பின்சுவர் முழுக்க அவள் முகம். தொழிற்சாலைக் கதவின் சிறிய வலைச் சன்னலுக்குப் பின்னால், இமையெல்லாம் மாவு. அவள் தேடியது முகத்தை அல்ல. கிட்டே போனாள். சன்னலுக்குக் கீழே, தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில், தார் ஊற்றியது போல் கறுப்பு. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பூட்டு இல்லை.

இந்தப் படத்தை எடுக்கச் சொன்னதே அவள்தான்.

இரவு ஷிஃப்ட் உள்ளே போனதும் வாட்ச்மேன் வெளியே பூட்டிவிடுவார். இல்லாவிட்டால் ரொட்டி நடந்து போய்விடுமாம். போன மழைக்காலத்தில் அடுப்புக்குப் பின்னால் ஒயர் கருகிப் புகை கிளம்பியது. கதவை இடித்தார்கள். தொண்டை கிழியக் கத்தினார்கள். "சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு, டீ குடிக்கப் போயிருக்கார்" என்று வெளியே நின்ற லாரி டிரைவர் பதில் சொன்னான், ஏதோ பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போல. எல்லோரும் தரையில் படுத்துக் கதவின் அடியிலிருந்த சந்தில் மூக்கை வைத்துக்கொண்டார்கள். புகை அதுவாக அடங்கியது. அதன் பிறகு வாட்ச்மேன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

புகார் கொடுத்தார்கள். தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அதிகாரி பகலில் வந்தார். பகலில் கதவு அகலத் திறந்திருக்கும். "பூட்டா? எந்தப் பூட்டு?" என்று முதலாளி சிரித்தார். அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். "ஆதாரம் இருந்தா கொண்டு வாம்மா."

அன்றைக்குத்தான் தங்கையிடம் சொன்னாள். "பூட்டு தெரியற மாதிரி ஒரு படம் எடுடி. உள்ளே ஆள் இருக்கறதும் தெரியணும்."

சின்னவள் வந்து எடுத்தாள். எடுத்ததைக் கேமராவிலேயே வலைக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். முகத்துக்குக் கீழே பூட்டு பளபளவென்று இருந்தது. "இதான்" என்றாள் பெரியவள் உள்ளேயிருந்து. அதன் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில். "தரேன்க்கா. அதுல கொஞ்சம் வேலை இருக்கு."

வேலை இதுதான் போலிருக்கிறது.

முதலாளி படத்தின் முன்னால் நின்று விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம பொண்ணுதான். பாருங்க, ராத்திரி வேலையில முகத்துல எவ்வளவு நிம்மதி. இந்தப் படத்தை நம்ம ரொட்டிக் கவர்லயே போடப் போறேன்."

நிம்மதி. காற்றுக்காக மூக்கை வலையில் ஒட்டி வைத்திருந்த முகம் அது.

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"பூட்டு எங்கடி?"

"மெதுவாப் பேசு அக்கா."

"எங்கடி பூட்டு?"

"இருட்டாக்கிட்டேன். நான் எல்லாப் படத்துலயும் ஓரத்தை இருட்டாக்குவேன். அது ரொம்ப மின்னிச்சு. பாக்கறவங்க கண்ணு உன் முகத்துக்குப் போகாம அங்கேயே போகுது."

"போகட்டும்னுதானே எடுக்கச் சொன்னேன்!"

"கை பழக்கத்துல செஞ்சுட்டேன். செஞ்சு முடிச்சப்புறம்தான் என்ன செஞ்சோம்னே தெரிஞ்சது."

"தெரிஞ்சதும் மாத்த வேண்டியதுதானே?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "அதுக்குள்ள அவர் வந்து பாத்துட்டார். இதான் பெரிய படம்னுட்டார். கூடமும் கொடுத்துட்டார். எத்தனை வருஷம் தெருத்தெருவா அலைஞ்சிருக்கேன், எவனாவது ஒரு ஆணி அடிக்க இடம் கொடுத்தானா? ஒரிஜினல் பத்திரமா இருக்குக்கா. சத்தியமா இருக்கு. கண்காட்சி முடியட்டும், கொடுத்துடறேன்."

"முடியட்டும்" என்றாள் பெரியவள். "அது வரைக்கும் நான் தினம் உள்ளே போறேன். இன்னைக்கும் போகணும். கண்காட்சி நடக்குது, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு நெருப்புகிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

சின்னவள் அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"ஊர்ல யாருமே பாக்காததை எல்லாம் எடுக்கறவ நீ. கண் முன்னால இருக்கற அக்காவை உள்ளே வெச்சுப் பூட்டினதை மறைக்கறதுக்கு உனக்கு ஒரு பொட்டு கறுப்பு போதும்."

உள்ளே கைதட்டல் கேட்டது. முதலாளி ஏதோ நகைச்சுவை சொல்லியிருக்க வேண்டும்.

பெரியவள் திரும்பினாள். கம்பிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். துருப்பிடித்த கதவு, ஊளையிட்டுக்கொண்டு வந்தது. மாவு மூட்டை தூக்குகிற கைக்கு அது ஒன்றும் கனமில்லை. வளையத்தில் பூட்டை மாட்டினாள். அழுத்தினாள். 'டக்'. தினமும் உள்ளேயிருந்து கேட்கிற சத்தம். வெளியேயிருந்து கேட்டால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

சாவியை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா! என்ன பண்றே?" சின்னவளின் குரல் கிறீச்சிட்டது.

"பூட்டறேன்."

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர் வந்து கதவை ஆட்டினார். பிறகு இருவர். சிரித்தார்கள். சிரிப்பு நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார்.

"என்ன விளையாட்டு இது? தொற!"

"திருட்டுப் பயம், முதலாளி" என்றாள் பெரியவள். "படம் ஏதாவது நடந்து போயிடும்."

"உனக்கு வேலை வேணுமா வேணாமா? சாவி எங்க?"

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. டீ குடிக்கப் போயிருக்கார்."

ரேடியோ பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். முதலாளி கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினார். முகம் சிவந்து, கம்பிகளுக்கு நடுவே மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. பின்னால் யாரோ ஒரு அம்மாள் "எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். கூடத்தில் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்துக்கும் இல்லை.

"எடு" என்றாள் பெரியவள் தங்கையிடம்.

சின்னவள் நகரவில்லை. அவள் கண் பூட்டில் இருந்தது. வாசலில் விளக்கு இல்லை. பூட்டு இருட்டில் கிடந்தது. உள்ளே, கூடத்தின் கோடியில், பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்தப் பெரிய முகம்.

"இந்த வெளிச்சத்துல படத்துல பூட்டு விழாதுக்கா" என்றாள்.

"அப்போ விழற மாதிரி எடு."

சின்னவள் தோள்பையைத் திறந்தாள். அடியில் எங்கோ கிடந்த ஃப்ளாஷை எடுத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நகத்தால் கிழித்தாள். கேமராவில் பொருத்தினாள்.

"போட்டோவை நிறுத்து! ஏய், இந்த இடம் என்னோடது, நீ படம் மாட்டியிருக்கற ஆணி முதற்கொண்டு என்னோடது!" என்றார் முதலாளி.

"தெரியும்" என்றாள் சின்னவள்.

வெளிச்சம் அறைந்தது. முதலாளி கண்ணைப் பொத்தினார். அவள் மறுபடி எடுத்தாள். இன்னும் கிட்டே போய் எடுத்தாள். பித்தளை, வளையம், கம்பியைப் பிடித்த விரல்கள், பின்னால் கோபமான வாய், அதற்கும் பின்னால் சுவரில் அக்காவின் முகம். திரையில் காட்டினாள். பூட்டில் பொறித்திருந்த நம்பர்கூடத் தெரிந்தது.

"ஓரத்தைத் தொடாதே."

"தொடல."

"அந்த ஒரிஜினலையும் சேத்து, அந்த ஆபீசருக்கு இப்பவே அனுப்பு. அந்த ஆளு சிரிச்சா, பத்திரிகைக்கு அனுப்பு."

சின்னவள் படத்தைப் போனுக்கு இறக்கி, அதிலேயே வைத்திருந்த ஒரிஜினலையும் சேர்த்து, அக்கா சொன்ன நம்பருக்கு அனுப்பினாள்.

தெருமுனையிலிருந்து கிடங்கு வாட்ச்மேன் ஓடி வந்தார். கையில் நிஜமாகவே ஒரு டீ. பாதி சட்டையில் கொட்டியிருந்தது. பெரியவள் சாவியை அவரிடம் கொடுத்தாள்.

"அவசரப்படாதீங்க அண்ணே. மெதுவா குடிச்சுட்டுத் தொறங்க."

அவள் படியிறங்கினாள். வேலை போய்விட்டது. அது அவளுக்குத் தெரியும். தங்கை பின்னால் வந்து, "அக்கா, என்னை மன்னிச்சுடு" என்றாள். பெரியவள் நடந்துகொண்டே இருந்தாள். மன்னிக்கிற அளவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்றாள் ரேடியோ. "எல்லாரும் உள்ளே போயிட்டிருப்பாங்க."

"அதுக்குத்தான் நடக்கறேன். நீ முன்னால ஓடு. யாரையும் உள்ளே விடாதே. உன் வாயைத் தொறந்து வை."

ரேடியோ ஓடினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினாள். பெரியவள் பின்னால் நடந்தாள். அவளுக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஃப்ளாஷைக் கழற்றாமல் சின்னவள் வந்தாள்.