கை முகரும் அம்மா

தயாளினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீரம்மா முதலில் அவளுடைய கைகளைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். சாப்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். பத்து வயதுப் பிள்ளை தானாகவே கைகளை நீட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கையில் வாசனைச் சவர்க்காரம் மணத்தது.

"எங்கடி கை கழுவுன?"

"ஸ்கூல்லம்மா."

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் யார் சவர்க்காரம் வைக்கிறார்கள்? வீரம்மாவுக்கு மனம் குடைய ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நாளாகப் பிள்ளை பிந்தித்தான் வருகிறது. ஒருநாள் பஸ் வரவில்லை என்கிறது, மறுநாள் டீச்சர் மறித்துவிட்டார் என்கிறது. சீருடையைத் துவைக்கப் போட்டபோது அதில் நீல நூல் ஒட்டியிருந்தது. அம்பிட்டியவில் அவர்கள் இருந்த சரிவில் தையல் மெஷின் வைத்திருந்தவர் ஆஸியா உம்மா ஒருவர்தான். புருஷனை இழந்தவர், தனியாக இருந்தார். பிள்ளையை நைசாகப் பேசிக் கூப்பிட்டு வீட்டு வேலை வாங்குகிறாரோ?

புருஷன் காளிமுத்துவிடம் சொன்னாள். அவன் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்பவன், யாரையும் லேசில் தப்பாக நினைக்கமாட்டான். அந்த அம்மா நல்ல மனுஷி, சும்மா இரு என்றான்.

"எல்லாரும் நல்ல மாதிரித்தாங்க ஆரம்பிப்பாங்க" என்றாள் வீரம்மா.

அவளுக்கு அது தெரியும். ஒன்பது வயதில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அவளைக் கண்டியில் ஒரு பெரிய வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளையோடு பிள்ளையாக வைத்துக்கொள்வோம், படிக்கவும் அனுப்புவோம் என்று அந்த வீட்டு எஜமானி நோனா சொன்னார். வழியில் பிஸ்கட்கூட வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு அவள் பார்த்ததெல்லாம் சட்டி பானைதான். ஒவ்வொரு வேளையும் இறைச்சிச் சட்டியில் கை வைத்தாளா என்று நோனா அவள் விரல்களை முகர்ந்து பார்ப்பார். மணம் இருந்தால் இருட்டு ஸ்டோர் அறை. இதை அவள் காளிமுத்துவிடம்கூடச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு முன்பே போய் வளைவிலிருந்த கடைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தயாளினி இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். நேரே ஆஸியா உம்மா வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் பொறுத்து, கூப்பிடாமலே பின்கதவு வழியாக வீரம்மாவும் நுழைந்தாள். குசினியில் யாரும் இல்லை. முன்னறையில் ஆஸியா உம்மா தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிள்ளை கதிரையில் உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பணிஸ் தின்றுகொண்டிருந்தது.

"எம் புள்ளைகிட்ட என்ன வேலை வாங்குறீங்க?"

ஆஸியா உம்மா மெஷினை நிறுத்தினார். கோபப்படவில்லை. வேலை ஒன்றும் இல்லை என்றார். பிள்ளை வருகிறது, கை கழுவிவிட்டு ஏதாவது தின்கிறது, படிக்கிறது, போகிறது. "ஒங்கட்ட சொல்லிட்டுத்தான் வாறன் எண்டு சொன்னா மகள்" என்றார்.

வீரம்மா பிள்ளையிடம் திரும்பினாள். ஏன் ஒளித்து ஒளித்து இங்கே வருகிறாய் என்று கேட்டாள். பிள்ளை தரையைப் பார்த்தது.

"இங்க யாரும் எங் கைய மோந்து பாக்கமாட்டாங்க" என்றது.

யாரும் வேலை வாங்கிவிடாமல் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்று இவ்வளவு நாளும் வீரம்மா நினைத்திருந்தாள். எங்கே கற்றுக்கொண்டது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நோனாவின் மூச்சு விரல்களில் படுவது போல இருந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் காளிமுத்துவிடம் எல்லாவற்றையும், நோனா வீட்டுக் கதையையும் சேர்த்து, சொன்னாள். பிள்ளை அங்கே போகட்டும் என்றான் அவன்.

அரை மனதோடுதான் சம்மதித்தாள். கையை முகர்வதை விட்டாள்; விடுவது லேசாக இருக்கவில்லை. பிள்ளை வரும் நேரத்தில் வேண்டுமென்றே மரக்கறி வெட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் ஆஸியா உம்மா வீட்டு வேலியோரம் போய் நிற்பாள். மெஷின் சத்தம் நின்றால் உள்ளே என்ன நடக்கிறதோ என்று காதைத் தீட்டுவாள்.

ஒருநாள் தயாளினி வந்ததும் வராததுமாக, "அம்மா, அங்க ஒரு கிளாஸ ஒடைச்சிட்டேன்" என்றாள். செய்த தவறை அவள் தானாக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"கால்ல குத்திருச்சான்னு கேட்டாங்க."

வேறென்ன என்று வீரம்மா கேட்டாள். வேறொன்றும் இல்லை, கூட்டி அள்ளினார்கள் என்றது பிள்ளை. வீரம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"குத்திருச்சா?" என்று அவளும் கேட்டாள்.