பாங்குக்கு முன் ஒரு பெயர்

வருடத்தில் ஒரு நாள் எங்கள் ஊருக்குச் சமாதானம் வரும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து, பொழுதுபடும்போது மஃரிப் பாங்கோடு போய்விடும். அதற்கு ஒலிபெருக்கி போடுகிறவன் நான்தான். சீனிமுகம்மது சவுண்ட்ஸ் என்றால் கல்முனையில் தெரியாதவர் இல்லை. கல்யாணம், கந்தூரி, தேர்தல், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் என் பெட்டிகள்தான் கத்தும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

யுத்தத்தில் செத்த பிள்ளைகளை நினைவுகூரும் கூட்டம் அது. எங்கள் முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு, பக்கத்துத் தமிழ் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. யார் யாரைச் சுட்டது என்று வாதாட எனக்கு இனித் தெம்பில்லை. பிள்ளைகளின் பெயர் வாசிப்பது நிகழ்ச்சியில் கடைசியாக இருக்கும். பிரதம அதிதியாக வரும் அரசியல்வாதி பிந்தித்தான் வருவார், வந்தால் மைக்கை விடமாட்டார். பாங்கு சொன்னதும் மைக்கை நிறுத்த வேண்டும், சனம் தொழப் போய்விடும். ஒரு வருடமாவது பெயர் வாசித்தது கிடையாது.

என் மனைவி ஜெமீலா அந்தப் பெயருக்காகத்தான் வருவாள். எங்கள் மகள் றிஸ்லா ஏழு வயதில், தொண்ணூறாம் ஆண்டில், துப்பாக்கிச் சூடுபட்டு மௌத்தானாள். அன்று ஊரில் ஜனாஸாக்கள் அதிகம். ஒரே குழியில் பலரை அடக்கினோம். கபுறில் நடும் மீசான் கல்லில் நாங்கள் பெயர் எழுதுவதில்லை. அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாராவது வாயால் சொன்னால்தான் அவளுக்குப் பெயர்.

இந்த முறை புறப்படும்போதே ஜெமீலா சொல்லிவிட்டாள்.

"இஞ்சாருங்க, ஊர்ச் சனத்துக்கு முன்னால ஆராவது எண்ட புள்ளட பேரை ஒருக்காச் சொல்லோணும். இந்த முறையும் சொல்லல்லெண்டா இனி நான் வரமாட்டன். களைச்சுப் போச்சு எனக்கு."

"வாசிப்பாங்க புள்ள."

"ஒவ்வொரு வருசமும் இதத்தானே சொல்றீங்க."

மேடையில் வழக்கம்போலப் பூபாலசிங்கம் இருந்தார். பக்கத்துப் பாண்டிருப்புக்காரர். அவருடைய ஒரே மகன் சசிதரனும் அதே வருடம்தான் செத்தான், ஒன்பது வயது. சமாதானக் கூட்டம் என்றால் மேடையில் ஒரு தமிழர் வேண்டுமே! அவரைக் கூப்பிட்டு மாலை போட்டு உட்கார வைப்பார்கள். பேச விட்டதில்லை. மகனைப் பற்றி அவர் ஒருமுறை எனக்குச் சொன்னதை நான் ஜெமீலாவிடம் சொல்லியிருந்தேன்.

பிரதம அதிதி பேசினார், பேசினார். காபட் வீதி போட்டதைச் சொன்னார், வடிகான் கட்டியதைச் சொன்னார். இடையிடையே பிள்ளைகளை நினைத்துக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். வானம் சிவந்துவிட்டது. பாங்கு சொல்லும் மோதினார் பள்ளிவாசலுக்குள் போவதை நான் கண்டேன். ஜெமீலா மேடையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டேன்.

பிரதம அதிதியின் வாய் மட்டும் அசைந்தது. கூட்டத் தலைவர் அப்துல் ஹமீட் ஹாஜியார் என்னிடம் ஓடி வந்தார்.

"என்ன சீனிமுகம்மது, மைக் செத்துப் போச்சா?"

"மைக் சாகல்ல ஹாஜியார். புள்ளைகள்தான் செத்துப் போச்சு. முதல்ல பேரை வாசிங்க."

அவர் சட்டைப் பையைத் தடவினார். பிறகு குனிந்துகொண்டார்.

"பேர் எழுதினது ஊட்ட இரிக்கி. எப்படியும் நேரம் வராதெண்டு கொண்டு வரல்ல."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் பூபாலசிங்கம் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நேரே ஜெமீலாவிடம் போனார்.

"தங்கச்சி, உங்கட மகள்ட பேர் என்ன?"

அவள் மெல்லச் சொன்னாள். நான் சத்தத்தை ஏற்றினேன்.

"றிஸ்லா," என்றார் பூபாலசிங்கம். எட்டுப் பெட்டியிலும் கேட்டது. "ஏழு வயசுப் பிள்ளை."

அடுத்துத் தன் மகனின் பெயரைச் சொல்ல வாய் திறந்தார். முடியாமல் மைக்கைத் தாழ்த்திவிட்டார். ஜெமீலா எழுந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். மேடைப் பக்கமே போகாதவள்.

"சசிதரன்," என்றாள். "ஒன்பது வயசு. இந்தப் புள்ளைகளுக்குச் செஞ்சதை இனி ஆர் புள்ளைக்கும் செய்யாதீங்க. எங்களுக்கு ஏலாது."

பாங்கு சொன்னார்கள். மைக்கை நிறுத்தினேன். பிரதம அதிதி வாகனத்தில் ஏறிப் போனார், சனம் கலைந்தது. நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். ஜெமீலா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"வா புள்ள, ஊட்ட போவம். அதான் மகள்ட பேரைச் சொல்லியாச்சே."

"மத்தப் புள்ளைகள்ட பேர் சொல்லல்லயே," என்றாள். "அதுகள்ட உம்மாமாரும் வந்துதானே இரிக்காங்க. தொழுதிட்டு வாங்க."

பின் வரிசைகளில் சில பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பூபாலசிங்கமும் போகவில்லை, மேடைப் படியில் இருந்தார். எனக்கு இடுப்பு முறிந்துவிடும்போல் வலி. சுருட்டிய வயரை மறுபடியும் விரித்துவிட்டுத் தொழப் போனேன்.